மருந்தோ மனமோ: டாக்டர் ரிவர்ஸ் சரிதம்

சைக்கிள் பந்தயத்தைப் பிழைப்பாகக் கொள்ளாது விருப்பத்தின் பொருட்டே ஓடுவோர் கூடும் இடத்திற்கு, பந்தயம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று நோக்குவோர்க்கு ஒரு வேடிக்கை காணக் கிடைக்கும். ஒருவர் பாலில்லாத கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார்; மற்றொருவர் பீட்ரூட் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்; வேறொருவர் சோடா உப்பை நீரிற் கரைத்துப் பருகிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்பார். இவற்றுள் ஒன்றேனும் பந்தய விதிகளுக்கு மாறானதன்று. காப்பியின் சத்தாகிய காஃபீனுக்கு மட்டும் ஒரு காலத்தில் வரம்பு இருந்தது. சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேற்காணின் குற்றம் என்று ஒலிம்பிக் அதிகாரிகள் விதித்திருந்தனர். 2004-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவ்வரம்பும் நீங்கிற்று. ஆகவே இம்மருந்துகளைப் பற்றி நீதி விசாரணை ஒன்றும் வேண்டுவதில்லை. நிற்பது வேறொரு வினா. பந்தயத்தை முன்னினும் விரைவாக ஓடி முடித்தவர் தாம் பருகிய பானத்தைப் புகழ்கின்றாரே, அவ்வலிமை பானத்தினின்று வந்ததா, பருகியவர் நெஞ்சினின்று வந்ததா?

நம் கல்லூரி விளையாட்டு விழாவில், குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையிற் கொட்டி நக்கிவிட்டு ஓட்டக்கோட்டில் வந்து நின்ற நண்பர்களை நாமும் கண்டிருக்கிறோம். மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயத்திற்குக்கூட ஒருவர் அங்ஙனம் செய்தார் என்பதுதான் விந்தை! அவரைப் பார்த்து நகைத்த நாமும் தேர்வுக்கு முதல் நாள் இரவு காப்பியை நம்பி விழித்திருந்தவர்களே.

இவ்வினாவைத் தசைகளின் உழைப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் முறையாக எழுப்பி, அதற்கு விடை காணத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்ட ஒரு பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம். அவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர். நீலகிரித் தோடரைப் பற்றி நூல் எழுதியவராகச் சிலரும், முதலாம் உலகப் போரிற் கவிஞர் ஒருவருக்குச் சிகிச்சை செய்தவராகச் சிலரும் அவரை அறிவர். மருந்தின் பெருமையை அளக்க மருந்தை மறைத்து வைத்த ரிவர்ஸை அறிந்தவர் சிலரே.

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் கெண்டு மாகாணத்துச் சாதாம் நகருக்கு அருகிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி ரிவர்ஸ் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். தாய்வழி மாமன் ஜேம்ஸ் ஹண்ட் என்பவர் திக்குவாய் தீர்ப்பதிற் பெயர் பெற்றவர். 1869-இல் மாமன் இறந்தபின் அத்தொழிலைத் தந்தையாரே மேற்கொண்டு நடத்தினார். ஆலிஸ் என்னும் சிறுமியின் அற்புதக் கதையை எழுதிய லூயிஸ் காரல் என்பாரும் தம் நாக்குத் தடையை நீக்கிக்கொள்ள இக்குடும்பத்தாரை நாடியவருள் ஒருவர். இத்தகைய இல்லத்திற் பிறந்த பிள்ளையாகிய ரிவர்ஸோ இளமை தொட்டு இறுதிவரை திக்கியே பேசினார். ஊரார் நாவைத் திருத்திய கைகளால் வீட்டுப் பிள்ளையின் நாவைத் திருத்த இயலவில்லை. சிகிச்சை பெற்றுக் குணமாகிச் சென்றோரையும், அதே சிகிச்சையாற் குணமாகாத தம்மையும் ஒருங்கே கண்டு வளர்ந்த சிறுவனுடைய நெஞ்சில், ஒருவனைக் குணமாக்குவது எது என்னும் ஐயம் அக்காலத்தேயே வேரூன்றியிருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். அவர் பின்னாளில் எடுத்த ஆராய்ச்சிகள் யாவும் அந்த ஐயத்தையே சுற்றிச் சுழல்வன.

டன்பிரிட்ஜ் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்தபோது குடற்காய்ச்சல் கண்டதால், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் உபகாரச் சம்பளத் தேர்வுக்கு அவராற் செல்ல இயலவில்லை. ஆகவே இலண்டனில் புனித பார்த்தலோமேயு வைத்தியசாலையிற் சேர்ந்து, 1886-இல் தம் 22-ஆம் வயதில் வைத்தியப் பட்டம் பெற்றார். சில காலம் கப்பல் வைத்தியராகக் கடலிற் சுற்றினார். பின்னர் நரம்பு நோய்களிலும் அவற்றினின்று மனத்தின் இயல்பிலும் அவர் கருத்து ஊன்றிற்று. 1893-இல் கேம்பிரிட்ஜில் உபந்நியாசகரானார். மாணவராகப் புக முடியாத சர்வகலாசாலையில் ஆசிரியராகவே புகுந்தார் என்க. 1897-இல் இங்கிலாந்தின் முதல் மனோதத்துவச் சோதனைச் சாலைகளை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அதற்கு முன்னரே ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துக் கிரேப்பெலின் என்னும் பேராசிரியரிடம் அவர் சில காலம் இருந்தார். களைப்பையும் ஓய்வையும் அளவைக்கோலால் அளப்பதுபோல் அளக்கலாம் என்று கருதியவர் கிரேப்பெலின். இருவரும் சேர்ந்து 1896-இல் அப்பொருள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். களைப்பு என்பது கவிஞரும் தொழிலாளரும் பேசும் பொருளாயிருந்த காலம் போய், எண்ணாற் குறிக்கும் பொருளாக மாறிய காலம் அது.

1898-இல் ஹேடன் என்பாருடன் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குச் சென்றார். அத்தீவினர் ஐரோப்பியரினும் பன்மடங்கு கூரிய கண்ணுடையோர் என்பது அந்நாள் நம்பிக்கை. ரிவர்ஸ் அளந்து பார்த்தார். அத்துணை வேறுபாடு இல்லை. பழகிய கடலில், பழகிய பொருளைக் கவனித்து நோக்கும் பழக்கமே அவர்களைக் கூரிய பார்வையினராகக் காட்டிற்று. பலரும் நம்புவதை அளந்து பார்த்தல் என்னும் வழக்கம் அவரிடம் இங்ஙனம் உறுதிப்பட்டது.

1901-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நீலகிரிக்கு வந்து தோடரிடையே சில மாதம் தங்கினார். வமிச வரலாறுகளை ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டெழுதி, அவற்றினின்று உறவு முறைகளை வெளிப்படுத்தும் அவரது முறை இங்கே நன்கு பயன்பட்டது. 1906-இல் வெளிவந்த அவருடைய தோடர் நூல் அறிஞர்களால் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுவது. நம் பொருளுக்கு ஏற்ற செய்தி ஒன்று அதில் உண்டு. மறைவாகக் காக்கப்பட்ட சடங்குகளை அவருக்குத் தெரிவித்த சிலரைச் சார்ந்து பிற்பாடு இடர்கள் நேர்ந்தன. தெய்வங்கள் சினங்கொண்டதே காரணம் என்று தோடர் கருதினர். அதன்பின் அவருக்குச் செய்தி சொல்ல முன்வந்தோர் தொகை குறைந்தது. ரிவர்ஸ் இதை எள்ளி நகையாடவில்லை. நடந்ததை நடந்தவாறே எழுதி வைத்தார்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தின் நடுவிடத்திற்கு வந்துவிட்டோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைக்கிள் பந்தயம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருங் களியாட்டமாக விளங்கிற்று. ஓடுவோரின் பயிற்சியாளர் பைகளில் கோலாக் கொட்டையும், காஃபீனும், பிராந்தியும், கோக்கேனும், எட்டியின் நஞ்சாகிய ஸ்டிரிக்னீனும் இருந்தன. அந்நாளில் இவற்றைத் தடுக்கும் விதி யாதும் இல்லை. இவை எல்லைக்கோட்டில் நிற்கும் வீரரிடம் மட்டும் இருந்தன என்றும் எண்ண வேண்டா. 1904-ஆம் ஆண்டு செயிண்ட் லூயி ஒலிம்பிக் விழாவின் நெடுந்தூர ஓட்டத்தில் வென்ற தாமஸ் ஹிக்ஸ் என்பாருக்கு, வழியிலேயே ஸ்டிரிக்னீனும் முட்டையின் வெண்கருவும் பிராந்தியும் கொடுக்கப்பட்டன. அவர் வென்றாரே என்று மருந்தைப் புகழ்ந்தவரும் உளர். குற்றுயிராக வந்து சேர்ந்தாரே என்று கேட்டவர் குறைவு.

இப்பொருள்கள் உழைப்பைக் கூட்டுமா என்பதை ஆராய இத்தாலியில் தூரின் நகரத்து மாஸ்ஸோ என்னும் பேராசிரியர் எர்கோகிராப் என்றொரு கருவியை அமைத்திருந்தார். முன்கையை ஒரு பலகையில் அசையாது கட்டிவிடுவர். நடுவிரலில் ஒரு கயிற்றை மாட்டி, அதன் மறு நுனியிலுள்ள எடையைத் தாளத்திற்கு ஏற்பத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். விரல் ஓயுமளவும் தூக்கிய உயரங்கள் யாவும் புகை பூசிய உருளையிற் கோடுகளாகப் பதியும். சைக்கிளை மிதிக்கும் காலின் உழைப்பை ஒரு விரலுக்குச் சுருக்கிக்கொண்டது இக்கருவி என்னலாம். அறிஞர் பலர் மதுவோ காப்பியோ அருந்திவிட்டு இதன்முன் அமர்ந்தனர், கோடுகள் உயர்ந்தன, மருந்து வலிமை தருகிறது என்று எழுதினர்.

ரிவர்ஸுக்கு இம்முடிவுகளில் மனம் அமையவில்லை. அருந்தியவர்க்குத் தாம் அருந்தியது இன்னதென்று தெரியும். மதுவின் காரம் நாவைச் சுடுகின்றது; அச்சூடே ஒரு கிளர்ச்சி. இன்று மருந்துண்ட நாள், கோடு எங்ஙனம் வருமோ என்னும் ஆவல் மற்றொரு கிளர்ச்சி. மருந்துண்ணாத நாளிலோ சலிப்பு. இத்தனையும் சேர்ந்து விரலை உயர்த்தியிருக்க, புகழ் முழுவதும் மருந்துக்குப் போவது நியாயமோ? இவ்வகை ஐயத்தை எழுப்பியவருள் அவரே முதல்வர் என்று சொல்லோம். 1799-இல் பாத் நகரில் டாக்டர் ஹேகார்த் என்பார், நோவு தீர்க்கும் என்று பெருவிலைக்கு விற்கப்பட்ட உலோகக் கோல்களுக்குப் பதிலாக, அவைபோல் வண்ணந் தீட்டிய மரக்கோல்களால் நோயாளரைத் தடவி, ஐவரில் நால்வர் நோவு குறைந்ததைக் காட்டியிருந்தார். ஆயினும் உழைப்பையும் களைப்பையும் பற்றிய ஆராய்ச்சியில் அந்த ஐயத்தை நுழைத்து, இறுதிவரை விடாது பற்றியவர் ரிவர்ஸ்.

அவர் செய்தது எளியதொன்று. மருந்து கலந்த பானம் ஒன்றும், கலவாத பானம் ஒன்றும் நிறத்தாலும் சுவையாலும் வேறுபாடு காணாதவாறு அமைக்கப்பட்டன. எந்நாளில் எது வருகிறது என்பது பருகுவோருக்குத் தெரியாது. பருகியவர் யார்? அவரும், வெப்பர் என்னும் உடனாராய்ச்சியாளருமே. கருவியை ஆளும் அறிஞரே விரலையும் கொடுத்தனர். உடலிற் பழக்கத்தின் எச்சம் இராதிருத்தற் பொருட்டு ரிவர்ஸ் மதுவை மட்டுமன்றித் தேநீரையும் காப்பியையும் கோகோவையும் அடியோடு விட்டார். இங்கிலாந்தில் பிறந்த ஒருவர் ஆராய்ச்சிக்காகத் தேநீரைத் துறந்தார் என்பது சிறு தியாகமன்று! நாள்தோறும் குறித்த வேளையில் அமர்ந்து, விரல் ஓயுமளவும் எடை தூக்கி, நேற்றுப் பருகியது மருந்தோ நீரோ என்றறியாமலே மறுநாளும் அமர வேண்டும். இதில் வீரக்கதை ஒன்றுமில்லை, பொறுமையே உண்டு.

முடிவுகள் 1907-இல் காஃபீனைப் பற்றிய கட்டுரையாகவும், 1906-இல் இலண்டன் வைத்தியக் கழகத்திற் செய்த குரோனியன் பிரசங்கங்களின் அச்சாக 1908-இல் ஒரு நூலாகவும் வெளிவந்தன. காஃபீன், மறைத்துக் கொடுத்தபோதும், விரலின் உழைப்பைக் கூட்டிற்று. ஆகவே அது வெறும் நம்பிக்கையன்று, உண்மையான மருந்தே. சிறு அளவு மதுவோ, முகமூடி இட்டவுடன் தன் புகழை இழந்தது. முன்னோர் கண்ட ஏற்றம் அதிற் காணப்படவில்லை. ஒரே தராசு இருவரையும் நிறுத்தது. ஒருவர் தேறினார், ஒருவர் தேறவில்லை. மருந்தெல்லாம் பொய் என்று முழங்கவும், மருந்தே மெய் என்று முழங்கவும் விரும்புவோர் இருவருக்கும் இந்நூல் சுவைக்காது. அந்நாளில் மதுவிலக்குச் சங்கத்தாரும் மதுவின் நண்பரும் ஒருவரையொருவர் சாடிக்கொண்டிருந்தனர். ரிவர்ஸ் எக்கட்சிக்கும் வழக்கறிஞராகவில்லை. அதுபற்றியே இந்நூலை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

இதே ஆண்டுகளில் அவர் நண்பர் ஹென்றி ஹெட் என்பார் ஓர் அரிய காரியத்திற்கு உடன்பட்டார். 1903-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தம் இடக்கையின் உணர்ச்சி நரம்பொன்றை வெட்டித் தைக்கச் செய்து, உணர்ச்சி திரும்பி வருமாற்றை நான்கு ஆண்டு ரிவர்ஸைக் கொண்டு சோதிக்க வைத்தார். கேம்பிரிட்ஜில் ரிவர்ஸின் அறையில் ஹெட் கண்ணை மூடி அமர்ந்திருப்பார். தம் கையைத் தொடுவது பஞ்சோ ஊசியோ பனிக்கட்டியோ அறியார். எதிர்பார்ப்பு உணர்ச்சியைப் படைத்துவிடும் என்னும் அச்சமே இங்கும் அவர்களை ஆண்டது.

1908-இல் ரிவர்ஸ் மறுபடியும் கடல் கடந்து மெலனீசியத் தீவுகளுக்குப் போனார். சாலமன் தீவுக் கூட்டத்து எடிஸ்டன் என்னும் சிறு தீவில், மூதாட்டி ஒருத்திக்கு வயிற்றைப் பிசைந்து சிகிச்சை செய்வதைக் கண்டார். கைத்திறம் நேர்த்தியாயிருந்தது, மலச்சிக்கலுக்கு ஐரோப்பிய வைத்தியரும் அவ்வாறே செய்வர். விசாரித்தபோதோ, அவள் வயிற்றினுள் புகுந்திருக்கும் எண்காலி போன்ற ஒரு பிராணியை வெளியேற்றவே பிசைவதாகச் சொன்னார்கள். செயல் ஒன்றே, அதன் பின்னுள்ள கருத்து வேறு. இதுபோன்ற செய்திகளைக் கொண்டு மருந்து, மந்திரம், சமயம் என்னும் மூன்றின் தொடர்பைப் பற்றி 1915, 1916-ஆம் ஆண்டுகளில் வைத்தியக் கழகத்திற் பிரசங்கம் செய்தார். பழங்குடியினரின் வைத்தியம் அவர்தம் நம்பிக்கைகளினின்று ஒழுங்காகப் பிறப்பதே, மூடத்தனத்தின் குவியலன்று என்பது அவர் கண்ட முடிவு. நோயாளியின் நம்பிக்கை எந்நாட்டு வைத்தியத்திலும் கலந்தே நிற்பதென்றும் அவர் கூறத் தயங்கவில்லை.

போர் வந்தது. இராணுவ வைத்தியராகி 1916-இல் எடின்பரோவுக்கு அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மனையிற் சேர்ந்தார். குண்டுகளின் முழக்கத்தால் உறக்கமும் பேச்சும் இழந்த அதிகாரிகள் அங்கே அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் திக்கியே பேசினர். அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த வைத்தியரும் திக்குவாயர். 1917-இல் போரை எதிர்த்து அறிக்கை விட்ட கவிஞர் சீக்பிரீட் சசூன் அவரிடம் வந்து சேர்ந்தார். மருந்தின்றி மனத்தைத் தொட்டே சிகிச்சை செய்ய வேண்டிய இவ்விடத்தில், ரிவர்ஸ் வெறும் நம்பிக்கையூட்டி அனுப்பிவிடுவதை விரும்பவில்லை. அச்சம் எங்கிருந்து வருகிறதென்பதை நோயாளி தாமே கண்டறிதலே நிலைத்த குணம் என்று கொண்டு, மறைக்க முயலும் நினைவுகளைச் சிறிது சிறிதாக நேர்நோக்கப் பழக்கினார். நம்பிக்கையின் ஆற்றலை அளந்தறிந்தவரே அதைக் கருவியாகக் கொள்ளத் தயங்கியது நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. குணமானோரை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவது அவர் கடமை. அக்கடமை அவரை வருத்திற்று. சசூன் அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் படைக்குத் திரும்பினார்.

போருக்குப்பின் கேம்பிரிட்ஜ் மீண்ட ரிவர்ஸ், முன்னைய கூச்சம் நீங்கி மாணவரோடு அளவளாவும் ஆசிரியராய் விளங்கினார். 1922-இல் இலண்டன் சர்வகலாசாலைத் தொகுதிக்குத் தொழிற் கட்சியின் சார்பாகப் பாராளுமன்றத்திற்கு நிற்கவும் இசைந்தார். தேர்தலைக் காண அவர் இருக்கவில்லை. பெந்தெகொஸ்தே விடுமுறையாதலின் பணியாளுக்கு விடை கொடுத்துவிட்டுக் கல்லூரி அறையில் தனித்திருந்தபோது குடல் இறுகி நோவுற்று, 1922-ஆம் ஆண்டு சூன் மாதம் 4-ஆம் நாள் தம் 58-ஆம் வயதில் காலஞ்சென்றார். மருந்தையும் மந்திரத்தையும் பற்றிய பிரசங்கங்கள் 1924-இல் நூலாக வெளிவந்தன.

அவர் விட்ட இடத்தினின்று சைக்கிள் ஓட்டுவோரே அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். எர்கோகிராபின் இடத்தில் மிதிவிசையை அளக்கும் சைக்கிள் வந்தது. 2006-இல் இங்கிலாந்தில், தேர்ந்த சைக்கிள் வீரர் சிலரை 10 கிலோமீட்டர் ஓடச் செய்து, ஒரு முறை வெறும் மருந்தென்றும், ஒரு முறை உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4.5 மில்லிகிராம் காஃபீன் என்றும், ஒரு முறை 9 மில்லிகிராம் என்றும் சொல்லி மாத்திரை கொடுத்தனர். மூன்று முறையும் கொடுத்தது காஃபீன் இல்லாத வெறும் மாத்திரையே. வெறும் மருந்தென்று எண்ணியபோது அவர்கள் வலிமை வழக்கத்தினும் 1.4 சதவீதம் குறைந்தது. சிறிதளவு காஃபீன் என்று எண்ணியபோது 1.3 சதவீதம் கூடிற்று. பெரிதளவு என்று எண்ணியபோது 3.1 சதவீதம் கூடிற்று. இல்லாத மருந்துக்கும் அளவுண்டு போலும்!

இதற்கு முன் 2000-ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு சோதனை சர்க்கரைப் பானத்தைப் பற்றியது; நம் குளுக்கோஸ் நண்பர்கள் இதைக் கவனிப்பாராக. 43 சைக்கிள் வீரர் முதலில் வெறும் நீரைப் பருகி 40 கிலோமீட்டர் ஓடினர். மறுமுறை ஓடியபோது, பருகுவது சர்க்கரைப் பானம் என்று சொல்லப்பட்டவர்களின் வலிமை 4.3 சதவீதம் உயர்ந்தது. வெறும் பானம் என்று சொல்லப்பட்டவர்க்கு அரை சதவீதமே உயர்ந்தது. உண்மையிற் சர்க்கரை இருந்ததோ இல்லையோ, அதனால் விளைந்த வேறுபாடு மிகச் சிறிதே. மூன்றாவது கூட்டத்தாரிடம், இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தனர். அவர்கள் வலிமை 1.1 சதவீதம் தாழ்ந்தது. ரிவர்ஸ் விரலிற் கயிறு மாட்டிக்கொண்டு அமர்ந்த ஒவ்வொரு நாளும் இம்மூன்றாங் கூட்டத்தாருள் ஒருவராகவே அமர்ந்தார்.